மூலையில் நின்ற பலகை

1

இதை நான் கதையாக எழுத உட்காரவில்லை. பளபளப்பான தாளில் அச்சாகும் ஒரு கையேட்டுக்கு இரண்டு பக்கக் கட்டுரை வேண்டும் என்றார்கள். ஒரு பல்கலைக்கழகமும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்கூடம், அடுத்த தலைமுறைக் கைபேசி வலையமைப்பு, சிரித்த முகங்கள், நடுநடுவே 'கைகோத்தல்' என்ற சொல். இந்த மாதிரிக் கட்டுரைகளால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. முகம் சுளிக்காமல் போனேன். போன இடத்தில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. (பூதம் மூன்றாம் பகுதியில் வருகிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம். பாதி ருசி போய்விட்டது என்று பிறகு என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.)

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கூடத்துக்குள் நுழைந்ததுமே எதிர்காலத்தின் வாசனை..." பொய். நுழைந்ததும் வந்தது சூடேறிய பிளாஸ்டிக் வாசனை.

"பெண்கள் இன்று எல்லாத் துறைகளிலும்..." எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

"அலைக்கு மூலை திரும்பத் தெரியாது." இது தேவலை.

2

அலைக்கு மூலை திரும்பத் தெரியாது. எல்லா அலையையும் சொல்லவில்லை. இப்போது நம் கைபேசிக்கு வருவது சுவரைத் துளைத்தோ சுற்றி வளைத்தோ எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. அடுத்த தலைமுறைக்கென்று இவர்கள் பிடித்து வைத்திருப்பது வேறு ரகம். மூட்டை மூட்டையாகச் செய்தி சுமக்கும், ஆனால் நேர்க்கோட்டில்தான் நடக்கும். நடுவே ஒரு ஆள் வந்து நின்றால் போச்சு. உள்ளங்கையை நீட்டினாலே கோபித்துக்கொண்டு நின்றுவிடும். இந்தப் பிடிவாதக்காரனை எப்படியாவது மூலை திரும்ப வைப்பதுதான் நம் கதையின் பெண்ணுக்கு முனைவர் பட்ட ஆய்வு.

கூடத்தில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுகிறார்கள். பட்டம் இன்னும் வந்தபாடில்லை. கேலியைத் தொடங்கி வைத்தவர், நிறுவனம் தன் சார்பில் அங்கே உட்கார வைத்திருக்கும் பொறியாளர். அவள் மட்டும் சும்மா விடுவாளா? அவருக்கு 'அனுமதி' என்று பெயர் வைத்தாள். எதைக் கேட்டாலும், மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அவர் முதல் பதில். உடைந்த நாற்காலியைத் தூக்கிப் போடவும் அனுமதி, பழுதான கருவியைத் திறந்து பார்க்கவும் அனுமதி. மனிதர் மற்றபடி தங்கம்.

கூடம் 'ட' எழுத்தைப் போல இருக்கும். நிற்கிற கோடு நிறுவனத்துடையது, படுத்த கோடு பல்கலைக்கழகத்துடையது. நிறுவனப் பக்கத்தின் கோடியில் அலையை அனுப்பும் கருவியும் அனுமதியின் மேசையும். இந்தப் பக்கத்துக் கோடியில் அவள் மேசை, அதன்மேல் அலையை வாங்கும் கருவி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இரண்டும் சேரும் மூலையில், சுவரின் மேல்பாதியில், அவள் வருஷக்கணக்காக உருவாக்கிய தகடு. கட்டம் கட்டமாகச் செம்புத் துண்டுகள் ஒட்டியது, ஒவ்வொரு துண்டையும் கணினி தனித்தனியாக இயக்கும். அங்கிருந்து வரும் அலையை அது வாங்கி, கேட்பவர் இருக்கும் பக்கம் திருப்பிவிட வேண்டும். கேட்பவர் நகர்ந்தால் அலையும் கூடவே நகர வேண்டும்.

தகட்டுக்குக் கீழே, சக்கரம் வைத்த ஒரு வெள்ளைப் பலகை நின்றது. இருவரும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். அவர் வந்து ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுப் போவார், அவள் வந்து அதில் பாதியை அழித்துவிட்டுப் போவாள். இரண்டு மேசையிலிருந்தும் சமமாகத் தெரிய வேண்டுமே என்று பலகையைச் சுவரை ஒட்டி வைக்காமல் மூலைக்குக் குறுக்கே சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதைதான் அது, வேறொன்றுமில்லை.

(உங்களுக்கு இந்நேரம் மூக்கு வேர்த்திருக்கும். ஆணும் பெண்ணும் ஒரே பலகையில் மாறி மாறி எழுதுகிறார்களே, இது எங்கே போய் முடியும் என்று. எனக்கும் வேர்த்தது. அவளுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கணவன் இருக்கிறான், அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அனுமதிக்குக் கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். ஏமாற்றமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தகடு வேலை செய்தது. சும்மா இல்லை, அமோகமாக. அவள் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். கூட்டு ஒப்பந்தம் முடியப் போகிறது, அதை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க நிறுவனத்தின் தலைவி நேரில் வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் கூடம் தொடரும், இவள் ஆய்வேடு போகும், பட்டம் வரும். பிடிக்காவிட்டால் கூடத்தைப் பூட்டிவிட்டுத் தகட்டையும் கழற்றிக்கொண்டு போவார்கள், ஏனென்றால் ஒப்பந்தப்படி தகடு அவர்களுடையது. தகடில்லாமல் அவளுக்கு ஆய்வு ஏது?

3

நானும் புகைப்படக்காரரும் போனது அந்த வருகைக்கு இரண்டு நாள் முந்தி.

பலகையில் எழுதியிருப்பது நிறுவனத்தின் ரகசியம், படத்தில் வரக் கூடாது என்றார் அனுமதி. சொன்ன கையோடு அவரே பலகையை உருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சாமான் அறையில் விட்டார். புகைப்படக்காரர் அவளை மேசையில் உட்கார வைத்து, திரையைப் பார்த்தபடி கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அவள் திரையைப் பார்த்தாள். வந்த சிரிப்பு பாதியில் நின்றது. வந்து சேரும் அலையின் பலத்தைக் காட்டி அதில் மலை போல நின்றிருந்த கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டிருந்தது.

ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். ஏதோ ஒயர் கழன்றிருக்கும் என்று சிரித்து மழுப்பினாள். நாங்கள் எடுத்த படங்களோடு கிளம்பினோம். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவதில் பாதி அவள் பிற்பாடு தொலைபேசியில் சொன்னது, மீதி என் கற்பனை. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது கலந்துவிட்டது.

ஒயர் எதுவும் கழன்றிருக்கவில்லை. மாலை வேலைக்காக அனுமதி பலகையை மறுபடி உருட்டி வந்து பழைய இடத்தில் நிறுத்தினார். கோடு எழுந்து நின்றது. அவள் திரையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பயம் அப்புறம்தான் வந்ததாம், முதலில் வந்தது அரிப்பு. என்ன இது, என்ன இது என்று உள்ளே ஒரு நமைச்சல். எழுந்து போய்ப் பலகையைத் தள்ளினாள். கோடு விழுந்தது. இழுத்தாள். எழுந்தது. புது ஸ்விட்ச் கிடைத்த குழந்தை மாதிரி தள்ளித் தள்ளி இழுத்தாள்.

பிறகு அந்தக் கூடத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். தகட்டை அணைத்தாள். அணைத்தால் மறுபடி சரிசெய்ய அரைநாள் பிடிக்கும் என்பதால் அதைத் தொடவே மாட்டார்கள். தகடு செத்துக் கிடந்தது. கோடு அசையாமல் நின்றது.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு, மேலேயே போட்டுவிடுகிறேன். தகடு இல்லாவிட்டால் அலை வருகிறதா என்று முன்னமே பார்க்க மாட்டார்களா? பார்த்தார்கள். கூடம் காலியாக இருந்த முதல் வாரத்தில். அலை துளிகூட வரவில்லை. அந்தக் கணக்கையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். பலகை அதற்குப் பிறகு வந்தது. காந்தம் ஒட்டுகிற பலகையாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கியது அவள்தான். மேலே வெள்ளைப் பூச்சு, உள்ளே இரும்புத் தகடு. அலைக்கு இரும்பு ஒரு நல்ல கண்ணாடி. இரண்டு மேசைக்கும் சமமாகத் தெரிவதற்காக வைத்த சாய்வுதான், அங்கிருந்து கிளம்பும் அலை இங்கே வந்து விழுவதற்கான சாய்வும். இருவரில் யாராவது ஒருவர் கொஞ்சம் சுயநலக்காரராக இருந்து பலகையைத் தன் பக்கம் திருப்பியிருந்தால் இந்தக் கோளாறே வந்திருக்காது.)

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நின்று சிரிக்க முடியவில்லையாம். சத்தம் கேட்டு அனுமதி வந்தார்.

"சார், இத்தனை நாளா மூலை திரும்பினது நம்ம தகட்டால இல்ல. இந்தப் பலகையால."

அவர் பலகையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், அதில் அணைந்திருந்த விளக்கைப் பார்த்தார். புரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை, நல்ல பொறியாளர்.

"வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்றார்.

4

இந்தக் கேள்வியை அவள் சொல்லக் கேட்டதும் எனக்கு எழுத்தாளனின் கொழுப்பு தலைக்கேறியது. கிடைத்தான் வில்லன் என்று எழுதித் தள்ளினேன். முதல் வரைவில் அனுமதிக்கு ஒரு கோணல் சிரிப்பு வைத்தேன். கதவைச் சாத்தச் சொன்னேன். "இந்த விஷயம் இந்த அறையைத் தாண்டினால்..." என்று ஒரு வசனம்கூட...

வெட்டிவிட்டேன். அந்த மனிதருக்குக் கோணல் சிரிப்பு ஒட்டவில்லை. ஒட்ட ஒட்ட உரிந்து விழுந்தது. நடந்ததாக அவள் சொன்னதையே எழுதுகிறேன்.

அவரும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். பலகை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். பொய் எதுவும் சொல்லப் போவதில்லை, அவர்கள் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை, ஒப்பந்தம் நீண்ட பிறகு நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். வாதம் கேட்பதற்குக் கொழுக்கட்டை மாதிரி வழுவழுப்பாகத்தான் இருந்தது.

"அவங்க கேக்கலன்னா சரி சார். நான் கேட்டுட்டேனே," என்றாள் அவள்.

அவர் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். இந்தக் கூடத்துக்கு வருவதற்கு முன் அவர் புகார்ப் பிரிவில் இருந்தவர். காதில் மாட்டிய கருவியோடு நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் வசவு. வீட்டில் மகள் அப்பா என்று கூப்பிட்டால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று வாய் தானாகச் சொல்லுமாம். ஆய்வுக்கூடம் தொடங்கலாம் என்று மேலிடத்தில் நச்சரித்து அனுமதி வாங்கியதே அவர்தான். இது மூடினால் திரும்பவும் அந்த நாற்காலிதான்.

"நான் கோழைன்னு நெனச்சுக்கோங்க டாக்டரம்மா. ஆனா அங்க மறுபடி என்னால போக முடியாது."

வழக்கமான கேலிப் பெயர் அன்றைக்கு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று என்னிடம் சொன்னாள்.

5

மறுநாள் பகல் முழுக்க அவள் பலகையைச் சாமான் அறையில் வைத்துவிட்டு, தகட்டை மட்டும் இயக்கினாள். பலகையின் புண்ணியம் போனால் போகட்டும், தகடு தன்னந்தனியாக என்ன செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். வாங்கும் கருவியை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினாள். மேசைமேல் வைத்தால் கோடு மெலிசாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இருந்தது. அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதே மெலிசு, ஆனால் இருந்தது. கதவோரம் கொண்டுபோனாள், இருந்தது. குனிந்து மேசைக்கு அடியில் வைத்தாள். ஒரு நொடி தடுமாறிவிட்டு அங்கேயும் தேடிக்கொண்டு வந்தது.

பலகை அள்ளிக் கொடுத்தது, ஆனால் ஒரே இடத்தில். தகடு கிள்ளித்தான் கொடுக்கிறது, ஆனால் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகிறது. ஏன் இவ்வளவு குறைச்சல்? செம்புத் துண்டுகளின் இடைவெளியா, பசையா, அவள் எழுதிய நிரலா? கண்டுபிடிக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அந்த ஒரு வருஷம் வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. பட்டத்தின்மேல்கூட அவ்வளவு ஆசை வந்ததில்லை. இரண்டுக்கும் குறுக்கே நாளைய வருகை நின்றது.

சாயங்காலம் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். உன் ஆய்வு, நீயே முடிவெடு என்றார். (பெருந்தன்மையா நழுவலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபடாததை அப்படியே விட்டிருக்கிறேன்.)

வீட்டில் மாமியார் தொலைக்காட்சி முன்னால் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கணவன் மறுநாளைக்கு அவள் உடுத்தப் போவதை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் ஒலியைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப பேசாம வீட்டுக்கு ஒரு பலகை கொடுத்துட வேண்டியதுதானே? எதுக்கு இவ்வளவு படிச்சே?"

"அத்தை, நீங்க நடந்தா பலகையும் கூடவே நடக்கணும்."

"எனக்கே முட்டி வலிக்குது, அதுவேற கூட வரணுமா?" என்று மாமியார் அடுத்த பட்டாணியை எடுத்தார்.

கணவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். நாளைக்கு நீ சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். பட்டம் வரும் என்றாள். வந்தால் என்றான். எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள் என்றாள்.

"இப்பவே அப்படித்தானே கூப்பிடறாங்க."

அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள். நடுவில் அழுகையாகிவிட்டது. இத்தனை வருஷம் தன் கை வேலை என்று நம்பிப் பெருமைப்பட்டது தன்னுடையதே இல்லை, அதுதான் தாங்கவில்லை என்றாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தொலைபேசி செய்தாள். கட்டுரையில் தகட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். 'அலையையே மூலை திரும்ப வைத்த மங்கை' என்று படித்துக் காட்டினேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி, காரணத்தை முதலிலிருந்து சொன்னாள். கதையாக எழுதிக்கொள்ளட்டுமா என்று நான் அல்பத்தனமாகக் கேட்டேன்.

"எழுதிக்கோங்க சார். ஆனா நான் ஜெயிச்ச மாதிரியும் எழுதாதீங்க, தோத்த மாதிரியும் எழுதாதீங்க."

ஆக, இனி வருவது என் பொறுப்பு.

6

முதல் முடிவு: அவள் வாயைத் திறப்பதில்லை. பலகை நிற்கிறது, கோடு நிற்கிறது, தலைவி கைகுலுக்குகிறார். எழுதி முடித்துப் படித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இருந்தது. அவள் முகத்தை அந்த வரிகளில் எங்கே தேடியும் காணோம்.

இரண்டாவது முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள், தலைவி கண்கலங்கி எழுந்து நின்று கைதட்ட, எல்லோரும்... போதும். இந்த மாதிரித் தலைவியை நீங்கள் எங்காவது பார்த்திருந்தால் சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாவது.

காலை. கூடத்தைத் துடைத்துவிட்டிருக்கிறார்கள், தரை இன்னும் ஈரம். பேராசிரியர் புதுச் சட்டையில் அசௌகரியமாக நிற்கிறார். தலைவி வந்து, மூலைக்கு எதிரே போட்ட நாற்காலியில் உட்காருகிறார். திரை அவர் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது. பலகையை மறுபடி பழைய இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்; கோடு மலை போல நிற்கிறது, அவர் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறார். இந்த இடத்தில் அவளைச் சும்மா நிற்க வைத்து, ஜன்னலுக்கு வெளியே மேகத்தை வர்ணிக்கலாம் என்று பார்த்தேன். அவள் நிற்கவில்லை, நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் மூலைக்கு நடந்துவிட்டாள்.

பலகையின் சட்டத்தைப் பிடித்துத் தள்ளுகிறாள். ஈரத் தரையில் ஒரு சக்கரம் சிக்கிக்கொள்கிறது. மறுபடி தள்ளுகிறாள், பலகை கிறீச்சிடுகிறது, நகரவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் காது சிவக்கிறது.

நிறுவனப் பக்கத்திலிருந்து அனுமதி வருகிறார். சத்தியமாக நான் அவரைக் கூப்பிடவில்லை. வரைவில் அவர் தன் மேசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியவர். வருகிறார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, குனிந்து சிக்கிய சக்கரத்தைத் தூக்கிவிடுகிறார். இருவரும் சேர்ந்து பலகையைச் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள்.

திரையில் கோடு விழுகிறது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"நீங்க இவ்வளவு நேரம் பாத்தது அந்தப் பலகையோட வேலை மேடம். தப்பா அளந்துட்டோம், முந்தாநாள்தான் தெரிஞ்சுது," என்கிறாள் அவள். வாங்கும் கருவியைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறாள். அலமாரிக்குப் பின்னால், கதவோரம், தலைவியின் நாற்காலிக்குப் பின்புறம். மெலிசான கோடு தடுமாறித் தடுமாறிக் கூடவே போகிறது. "இதுதான் எங்களோடது. சின்னதுதான். ஏன் சின்னதா இருக்குன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கணும்."

அவ்வளவுதான் பேசுகிறாள். அனுமதி அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார்.

அடுத்து தலைவி ஏதாவது சொல்லியாக வேண்டும். அவருக்காக எழுதிய வசனங்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றில் அவர் மகானாகிவிடுகிறார், ஒன்றில் அரக்கியாகிவிடுகிறார், எதிலும் மனுஷியாக இல்லை. கடைசியில் அவரை எழுந்து போகச் சொல்லிவிட்டேன். போய்விட்டார், நாற்காலி காலியாக இருக்கிறது.

வாருங்கள், உட்காருங்கள். கூடத்தை மூடலாமா நீட்டிக்கலாமா என்பது இப்போது உங்கள் கையில். எதிரே அவள் நிற்கிறாள், நேற்று அழுத கண் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பக்கத்தில் அவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறார். இருவரும் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் என்ன கேட்கப் போகிறீர்கள்?